ஓடை முடித்துத் தரும் கம்பளம்

வட கிரேக்கத்தின் பிந்தோஸ் மலைத்தொடரில் அவ்தெலா என்றொரு சிற்றூர் இருக்கிறது. 1905இல் அது ஒட்டோமான் பேரரசின் ஆட்சியில் இருந்தது. அவ்வூரில் பிறந்த மனாக்கி சகோதரர்கள் லண்டனிலிருந்து வரவழைத்த பயாஸ்கோப் கேமராவைத் தங்கள் பாட்டி தெஸ்பினாவின் எதிரே நிறுத்தினார்கள். பாட்டிக்கு அப்போது வயது 114 என்று சொல்வார்கள். அவர் கேமராவைப் பொருட்படுத்தாமல் கம்பளி நூற்றுக்கொண்டிருக்கிறார்; சுற்றிலும் ஊர்ப்பெண்கள் ரோமத்தைச் சிக்கெடுக்கிறார்கள், நூற்கிறார்கள். ஒரு நிமிட அளவே உள்ள இந்தக் காட்சியைத்தான் பால்கன் நிலப்பரப்பின் முதல் திரைப்படங்களில் ஒன்றாகக் கொண்டாடுகிறார்கள். கிரேக்க இயக்குநர் தியோ ஆஞ்சலோபூலோஸ் 1995இல் எடுத்த ‘யுலிஸிஸின் பார்வை’ படம் இதைக் காட்டித்தான் தொடங்குகிறது.

புதிதாகக் கையில் வந்த கேமராவுக்கு அந்தச் சகோதரர்கள் தேடிய முதல் காட்சிகளில் ஒன்று கம்பளி வேலையாக இருந்ததில் வியப்பில்லை. அந்த மலையூர்களின் வாழ்வு ஆட்டின் முதுகில்தான் நடந்தது. உடுப்பு, போர்வை, படுக்கை, கல்யாணச் சீர், வியாபாரச் சரக்கு எல்லாமே ரோமம். அந்த ரோமத்திலிருந்து பிறந்து உலகம் முழுக்கப் போன ஒரு பொருளின் பெயர் ஃப்ளொகாத்தி. நீளமான சடை தொங்கும் கனத்த கம்பளி விரிப்பு அது. கையை வைத்தால் விரல்கள் மறைந்துவிடும் அளவுக்கு அடர்த்தியாக இருக்கும்.

இன்று கிரேக்கத்தின் கைவினைச் சின்னங்களில் ஒன்றாக இருந்தாலும், இந்தப் பெயர் கிரேக்க மொழியில் பிறந்ததல்ல. விளாஹ் என்று கிரேக்கர்கள் அழைக்கும் ஆட்டிடையர் சமூகத்தின் சொல் அது. அவர்கள் பேசும் அரோமானிய மொழி, ருமேனிய மொழியைப் போலவே லத்தீனின் வழித்தோன்றல். ரோமக் கற்றையைக் குறிக்கும் ‘ஃப்ளொக்குஸ்’ என்ற லத்தீன் வேர் அம்மொழி வழியாகக் கிரேக்கத்துக்குள் நுழைந்தது. பெயர் வந்த வழியே பொருளை உருவாக்கியவர்கள் யார் என்பதைக் காட்டிவிடுகிறது. அரோமானியத்தை ‘உறுதியாக அழியும் நிலையில் உள்ள மொழி’ என்று யுனெஸ்கோ வகைப்படுத்தியிருக்கிறது. அது தந்த ஒரு சொல் மட்டும் லண்டனிலும் நியூயார்க்கிலும் கடைப் பலகைகளில் இருக்கிறது.

சடை வைத்த கம்பளித் துணி மத்தியதரைக் கடல் உலகுக்குப் புதிதல்ல. முதல் நூற்றாண்டு ரோமானிய அறிஞர் மூத்த பிளினி, ஒரு பக்கம் சடை வைத்த துணி தன் தந்தையின் காலத்திலும், இரு பக்கமும் சடை வைத்த துணி தன் காலத்திலும் வழக்கத்துக்கு வந்ததாக எழுதிவைத்திருக்கிறார். ஆனால் அந்தத் துணியிலிருந்து ஃப்ளொகாத்தி வரை ஒரே கோடாக இழுத்துவிடுவதை நான் விரும்பவில்லை. ஆடும் குளிரும் உள்ள இடங்களில் இப்படியொரு யோசனை மனிதர்களுக்குப் பலமுறை தோன்றக்கூடியதே. பிந்தோஸ் மக்களின் தனித்திறமை, தங்கள் மலையில் கிடைத்த ஓடையை நெசவின் கடைசிக் கட்டமாக மாற்றியதில்தான் இருக்கிறது.

அதைப் புரிந்துகொள்ள அவர்களுடைய ஆண்டுச் சுழற்சியைப் பார்க்க வேண்டும். ஏப்ரல் 23, புனித ஜார்ஜ் திருநாள். அதையொட்டி விளாஹ் குடும்பங்கள் தெஸ்ஸாலிச் சமவெளியிலிருந்து மந்தைகளை ஓட்டிக்கொண்டு மலையேறத் தொடங்கும். அக்டோபர் 26, புனித திமித்ரியோஸ் திருநாள். அதற்குள் பனி வரும் முன் இறங்கத் தயாராகிவிடும். வேஸ், தாம்ப்ஸன் என்ற இரு ஆங்கிலத் தொல்லியலாளர்கள் தெஸ்ஸாலியின் வரலாற்றுக்கு முந்தைய மேடுகளைத் தோண்ட வந்த இடத்தில் இம்மக்களிடம் மனம் பறிகொடுத்தார்கள். ஒரு கோடையில் குடும்பங்களோடு சேர்ந்து சமரினாவுக்கு மலையேறினார்கள். கடல்மட்டத்துக்கு 1,400 மீட்டருக்கு மேலே உள்ள அவ்வூர், கிரேக்கத்தின் மிக உயரமான ஊர்களில் ஒன்று. அவர்கள் 1914இல் வெளியிட்ட ‘பால்கன் நாடோடிகள்’ இன்றும் விளாஹ் வாழ்க்கை பற்றிய முதல்தர ஆவணம்.

ஆண்கள் மந்தையோடும் கோவேறு கழுதைகளோடும் அலைய, ரோமம் கத்தரித்த பிறகான வேலை பெரும்பாலும் பெண்களுடையது. மலைக்கு வந்ததும் ரோமத்தை ஓடைநீரில் அலசிக் காயவைத்து, தரம் பிரித்து, சிக்கெடுத்து நூற்பார்கள். நெய்ததில் ஒரு பங்கு வீட்டுக்கு, ஒரு பங்கு சந்தைக்கு, ஒரு பங்கு மகளின் சீர்வரிசைக்கு. கிரேக்க மலைவீடுகளில் சுவரோரம் மடித்து அடுக்கிய கம்பளிகளின் உயரத்தைப் பார்த்தே அந்த வீட்டுப் பெண்களின் உழைப்பை மதிப்பிடுவார்கள். இந்தச் சீர் வழக்கத்துக்குச் சட்டத்தின் துணையும் இருந்தது. 1983இல் குடும்பச் சட்டம் திருத்தப்பட்டபோதுதான் வரதட்சணை சட்டப்படி ஒழிக்கப்பட்டது. அந்த அடுக்கின் அழகை ரசிக்கும்போது, சிறுமியாக இருந்த நாள் முதல் தன் கல்யாணத்துக்காகத் தானே நெய்துகொண்டிருந்த பெண்ணின் முதுகுவலியையும் சேர்த்து நினைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

தொடக்கத்தில் ஃப்ளொகாத்தி தரையில் விரிக்கும் அலங்காரப் பொருளாக இல்லை. போர்த்திக்கொண்டு தூங்குவதும், கணப்பின் அருகே விரித்துப் படுப்பதும்தான் அதன் பயன். இதே பெயரின் இன்னொரு வடிவம், கையில்லாத சடைமேலங்கி ஒன்றையும் குறிக்கும். சைரக்கோ, கலாரிட்டெஸ் போன்ற விளாஹ் ஊர்களின் வணிகர்கள் கனத்த கம்பளி மேலங்கிகளை இத்தாலியத் துறைமுகங்கள் வரை கொண்டுபோய் விற்றுச் செல்வம் சேர்த்தார்கள்.

இனி தறிக்கு வருவோம். பாவு நூலும் ஊடை நூலும் இறுக முறுக்கிய கம்பளி. சில வரி ஊடை ஓட்டியதும், தளர்வாக முறுக்கிய தடித்த நூலை வரிசையாகக் கோத்து, அதன் நுனிகளை மேற்பக்கம் நீட்டிவிடுவார்கள். மறுபடி ஊடை, மறுபடி குஞ்சம். வீட்டுத்தறி அகலம் குறைந்தது என்பதால் பெரிய விரிப்பு வேண்டுமென்றால் பட்டைகளாக நெய்து பக்கவாட்டில் சேர்த்துத் தைப்பார்கள். தறியிலிருந்து இறங்கும்போது அது பார்வைக்கு எடுப்பாக இருக்காது. கயிற்றுத் துண்டுகள் தொங்குவது போல நூல்நூலாகத் தொங்கும். இழுத்தால் குஞ்சம் கழன்று வரும். இதை ஃப்ளொகாத்தி என்று யாரும் சொல்லமாட்டார்கள். அது ஓடைக்குப் போயாக வேண்டும்.

ஓடையோரம் மரப்பலகைகளை வட்டமாக நிறுத்திச் செய்த ஒரு தொட்டி இருக்கும். வாய் அகன்று, அடி குறுகிய கூம்பு வடிவம். சற்று மேலேயிருந்து ஓடைநீரை மரக்கால்வாயில் கொண்டுவந்து, போகப்போகக் குறுகும் குழாய் வழியாகத் தொட்டிக்குள் பாய்ச்சுவார்கள். தண்ணீர் தொட்டியின் நடுவில் விழாது. பக்கவாட்டில் அடித்து விழும். அதனால் தொட்டி முழுக்க ஒரு சுழி உண்டாகும். பலகை இடுக்குகள் வழியே பழைய நீர் கசிந்து வெளியேற, புதுநீர் ஓயாமல் வந்துகொண்டிருக்கும். இதற்கு நெரோத்ரிவி என்று பெயர். நீர் உராய்வு என்று பொருள். வட கிரேக்கத்தில் த்ரிஸ்தேலா என்றும் சொல்வார்கள். சக்கரம் இல்லை, பல்லிணை இல்லை, அசையும் உறுப்பு என்று எதுவுமே இல்லை. உயரத்திலிருந்து விழும் நீரின் ஆற்றல் நேரடியாகத் துணியில் இறங்குகிறது. எளிமையிலும் சிக்கனத்திலும் இதற்கு இணையான இயந்திரங்கள் அதிகமில்லை. பெலப்பொனீஸ் பகுதியில் திமித்சானா என்ற ஊரில் 1997இல் திறக்கப்பட்ட திறந்தவெளி நீராற்றல் அருங்காட்சியகத்தில் இப்படியொரு தொட்டியை இன்றும் ஓடும் நிலையில் பார்க்கலாம்.

விரிப்பைச் சுழிக்குள் போடுவார்கள். அது உருளும், மூழ்கும், மேலே வரும், மறுபடி மூழ்கும். மணிக்கணக்கில், சில சமயம் நாள்கணக்கில். வெளியே எடுக்கும்போது தொங்கிய நூல்கள் முறுக்கு அவிழ்ந்து, மென்சடையாக மலர்ந்திருக்கும். அடித்துணி சுருங்கி இறுகியிருக்கும். குஞ்சத்தைப் பிடித்து இழுத்தாலும் வராது. முடிச்சுப் போடாத நூல் எப்படி இப்படிப் பிடித்துக்கொள்கிறது?

விடை ரோமத்தின் மேல்தோலில் இருக்கிறது. ஆட்டு ரோமத்தை நுண்ணோக்கியில் பார்த்தால், வேரிலிருந்து நுனிவரை ஒன்றன்மேல் ஒன்று படிந்த செதில்கள் தெரியும். செதில்களின் விளிம்பு நுனியைப் பார்த்தபடி இருக்கும். அதனால் வேரிலிருந்து நுனிக்குத் தடவினால் வழுக்கும். நுனியிலிருந்து வேருக்குத் தடவினால் தடுக்கும். இழையியலில் இதைத் திசைசார் உராய்வு விளைவு என்பார்கள். நெற்கதிரைச் சட்டைக் கைக்குள் காம்பு மேலாகச் செருகிக்கொண்டு நடந்து பார்த்தவர்களுக்கு இது தெரியும். கை அசைய அசையக் கதிர் மேலேயே ஏறும், கீழே இறங்காது. ரோம இழையும் அப்படித்தான். சுற்றிலும் நசுக்கும் தளர்த்தும் அசைவு நடக்கும்போது ஒவ்வோர் இழையும் தன் வேர்முனை இருக்கும் திசையில் கொஞ்சம் கொஞ்சமாக நகரும். போன வழியே திரும்ப வர முடியாது. ஆயிரக்கணக்கான இழைகள் ஆளுக்கொரு திசையில் இப்படி நுழைந்து பின்னிக்கொண்டால், அது மீள முடியாத சிக்கு. கம்பளி திரள்வது என்பது இதுதான்.

தண்ணீர் இதற்கு மூன்று வகையில் உதவுகிறது. நனைந்த இழை குறுக்களவில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு பருக்கிறது. நனைந்த கம்பளி எளிதில் நீண்டு எளிதில் சுருங்குவதால் ஊர்ந்து நகர்வது கூடுகிறது. செதிலுக்கு எதிரான உராய்வுக்கும் செதிலோடு சேர்ந்த உராய்வுக்கும் உள்ள வேறுபாடும் நீரில் அதிகரிக்கிறது. வெந்நீரும் சோப்பும் இருந்தால் இது வேகமாக நடக்கும். பொம்பேயின் சலவைப் பட்டறைகளில் ரோமானிய அடிமைகள் கம்பளித் துணியைச் சிறுநீர் கலந்த தொட்டிகளில் போட்டுக் காலால் மிதித்துப் பதப்படுத்தியதில் இந்தத் திரட்டும் வேலையும் அடங்கும். பிந்தோஸ் ஓடையில் வெந்நீர் ஏது? வெப்பத்துக்குப் பதில் நேரத்தைச் செலவழித்தார்கள். ஓடைக்குக் கூலி இல்லை, களைப்பும் இல்லை.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. எல்லாமே திரண்டுவிட்டால் சடையும் சேர்ந்து தட்டையான பாளமாகிவிடும். அப்படி ஆகாததற்கு நூலின் முறுக்கும் ரோமத்தின் தன்மையும் காரணம். அடித்துணியில் இழைகள் நெருங்கியிருப்பதால் அங்கே சிக்கு வேகமாக விழுகிறது. குஞ்சத்தின் வேர்ப்பகுதியும் அதில் மாட்டிக்கொள்கிறது. மேலே நீண்ட நுனிகளோ நீரில் விரிந்து அலைகின்றன, ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டிருப்பதில்லை. பிந்தோஸின் பூத்ஸ்கோ போன்ற மலையாடுகளின் ரோமம் மெரினோ போல மென்மையும் சுருளும் கொண்டதல்ல. நீண்ட முரட்டு மேல்முடியும், கீழே மெல்லிய உள்முடியும் கலந்தது. முரட்டு இழை எளிதில் திரளாது. உடைக்கு ஏற்றதல்ல என்று ஆலைக்காரர் ஒதுக்கக்கூடிய ரோமம், இந்த விரிப்புக்கு மிகப் பொருத்தமாக அமைந்தது.

சலவை இயந்திரத்தில் போட்ட ஸ்வெட்டர் குழந்தைக்குப் போடும் அளவுக்குச் சுருங்கி வெளியே வருவதும் இதே செதில்களின் வேலைதான். அதைத் தடுக்க இன்று ஆலைகளில் குளோரின் கொண்டு செதில் விளிம்புகளை மழுக்கி, மேலே மெல்லிய பிசின் பூச்சு கொடுக்கிறார்கள். ‘இயந்திரத்தில் துவைக்கலாம்’ என்ற சீட்டோடு வரும் கம்பளி அப்படிப்பட்டது. அந்த நூலில் ஃப்ளொகாத்தி நெய்து ஓடையில் போட்டால் நனையும், காயும், அவ்வளவுதான்.

செதிலுக்குள்ளே இருப்பது கெராட்டின் என்ற புரதம். நம் தலைமுடியும் நகமும் அதே இனம். ஒரு வகையில் உயிரியலின் பெரிய கண்டுபிடிப்பு ஒன்றுக்கும் கம்பளிதான் வாசல் திறந்தது. இங்கிலாந்தின் கம்பளி ஆலைகள் சூழ்ந்த லீட்ஸ் நகரப் பல்கலைக்கழகத்தில் 1930களில் வில்லியம் ஆஸ்ட்பரி ரோம இழையை ஊடுகதிரால் படமெடுத்தார். தளர்வாக இருக்கும்போது ஒரு படமும் நீட்டும்போது வேறொரு படமும் வந்தன. புரத மூலக்கூறு மடிந்த நிலையிலிருந்து விரிந்த நிலைக்கு மாறுகிறது என்று அவர் ஊகித்தார். அந்த மடிப்பு ஆல்ஃபா சுருள் என்ற திருகு வடிவம் என்பதை 1951இல் லைனஸ் பாலிங் குழுவினர் விளக்கினார்கள். கம்பளி விரிப்பை மிதித்தால் மீண்டும் எழுவதற்கு இந்தச் சுருளும், அவற்றைக் குறுக்கே இணைக்கும் கந்தகப் பிணைப்புகளும் அடிப்படை.

மலைவாழ்வுக்கு இந்தப் புரதம் தந்த உதவிகள் இன்னும் உண்டு. இழையின் வெளிப்புறத்தில் மெல்லிய கொழுப்புப் படலம் இருப்பதால் நீர்த்துளி உருண்டு ஓடும். உள்ளே இருக்கும் புரதமோ நீராவியை ஆவலோடு உறிஞ்சும். தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரை ஈரத்தை வாங்கிக்கொண்டாலும் தொட்டால் பெரிதாக ஈரம் தெரியாது. அப்படி ஈரத்தை உறிஞ்சும்போது வெப்பத்தையும் வெளியிடும். மூடுபனி இறங்கும் மாலையில் கம்பளி போர்த்தியவருக்குக் கதகதப்பு கூடுதலாகத் தெரிவதற்கு இதுவும் காரணம். மற்றதைச் சடைக்குள் சிக்கிய காற்று பார்த்துக்கொள்கிறது. அசையாத காற்றைவிட மலிவான வெப்பத்தடுப்பு வேறில்லை.

கணப்பின் அருகே கம்பளி விரித்துப் படுப்பது ஆபத்தில்லையா என்று கேட்கலாம். கம்பளி தீப்பற்ற ஏறக்குறைய 570 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். தொடர்ந்து எரியக் காற்றில் சுமார் 25 விழுக்காடு ஆக்சிஜன் தேவை. நாம் சுவாசிக்கும் காற்றில் 21தான் இருக்கிறது. தெறித்து விழும் தீப்பொறி கம்பளியைக் கருக்கிவிட்டு அணைந்துபோகும். பருத்தி போல் மளமளவென்று பற்றாது; பாலியஸ்டர் போல் உருகித் தோலில் ஒட்டாது. இழையில் உள்ள நைட்ரஜனும் கந்தகமும் ஈரமும் சேர்ந்து செய்யும் உபகாரம் அது.

இரண்டாம் உலகப் போரும் அதைத் தொடர்ந்த உள்நாட்டுப் போரும் பிந்தோஸ் ஊர்களைச் சிதைத்தன. மந்தைகள் குறைந்தன, குடும்பங்கள் நகரங்களுக்கு இறங்கின. அதே காலத்தில் மேற்கு நாடுகளின் வரவேற்பறைகளுக்கு இந்தச் சடைக்கம்பளத்தின் மேல் ஆசை வந்தது. 1960களிலும் 70களிலும் வெள்ளை, செம்மஞ்சள், ஊதா என்று எல்லா நிறத்திலும் அது ஏற்றுமதியானது. தேவை பெருகியதும் போலிகளும் பெருகின. 1966இல் கிரேக்க வணிக அமைச்சகம் ஃப்ளொகாத்தி எது என்று வரையறுத்தது. கிரேக்கத்தில் கையால் நெய்திருக்க வேண்டும். பாவு, ஊடை, சடை மூன்றும் முழுக் கம்பளியாக இருக்க வேண்டும். ஒரு சதுர மீட்டருக்குக் குறைந்தது 1,800 கிராம் எடை வேண்டும். சடை மலர்வதற்காக நீர் உராய்வுக்கு உட்படுத்தியிருக்க வேண்டும்.

இந்த நான்கில் கடைசியை நான் மிக உயர்வாக மதிக்கிறேன். எடையைத் தராசு சொல்லும், இழையைச் சோதனைக்கூடம் சொல்லும். ஓடையின் வேலையையும் இலக்கணத்தில் சேர்த்தவர்களுக்குப் பொருளின் உயிர் எங்கே இருக்கிறது என்பது தெரிந்திருக்கிறது. இன்று ரோமத்தில் பெரும்பகுதி நியூசிலாந்திலிருந்து வருகிறது. வெண்மையானது, சாயம் சீராக ஏறும், விலை கட்டுப்படியாகும். உற்பத்தியாளர்களைக் குறைசொல்ல முடியாது. ஆனாலும் மலையாட்டின் ரோமத்துக்கு வாங்குவோர் இல்லாமல் போவது பெரிய இழப்பு. அந்த ஆடும் அந்தத் தொட்டியும் ஒன்றுக்கொன்று பொருந்தி வளர்ந்தவை.

விரிப்பை வாங்குகிறவர்கள் புரட்டிப் பார்ப்பது நல்லது. நல்ல ஃப்ளொகாத்தியின் முதுகு கம்பளியாகவே இருக்கும். ரப்பர் பூச்சோ, பசை தடவிய பருத்தித் துணியோ இருந்தால் சடையைத் தாங்குவது பசைதான், திரண்ட ரோமமல்ல. துவைப்பதென்றால் குளிர்ந்த நீர், மென்மையான சோப்பு, நிழலில் உலர்த்தல். வெந்நீரும் உலர்த்தும் இயந்திரமும் கூடாது. எதற்காகக் கூடாது என்பது இப்போது வாசகருக்குத் தெரியும்.

கிரேக்க மலையூர்கள் சிலவற்றில் த்ரிஸ்தேலாக்கள் இன்னும் ஓடுகின்றன. கோடையில் சமவெளிக் குடும்பங்கள் வீட்டிலுள்ள பழைய விரிப்புகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு வருகின்றன. ஆண்டு முழுக்க மிதிபட்டு அமுங்கிய சடையைச் சுழிநீர் பிரித்து மறுபடி நிமிர்த்திக் கொடுக்கிறது. பாட்டி நெய்து சீராகக் கொண்டுவந்த விரிப்பைப் பேத்தி அங்கே கொண்டுபோய்ப் போடுகிறாள். புதுசு வாங்குவதைவிட அது செலவு குறைவு. ரோமமும் இன்னும் ஒரு தலைமுறைக்குத் தாங்கும்.